"என் லேப்டாப்ல ஓடுச்சு சார்!"

வைவாவில் இந்த டயலாக்கை நீங்கள் பேசியதுண்டா? நான் பேசியிருக்கிறேன் பாஸ்.

2019. ஃபைனல் இயர். சி ப்ளஸ் ப்ளஸ் புராஜெக்ட். டீமில் நானும் என் கிளாஸ்மேட் ஒருத்தியும். எனக்கு விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ, அவளுக்கு உபுண்டு. ரெண்டுக்கும் பொதுவாக சிமேக். இரண்டு மெஷினிலும் ஜம்முனு ஓடியது.

வைவா அன்னிக்கு லேப் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி க்ளிக் பண்ணினால், ஏதோ டிஎல்எல் ஃபைல் காணோமாம். பெயரின் கடைசியில் ஒரு 'டி'. டிபக்குக்கான டி! விஷுவல் ஸ்டுடியோ இல்லாத மெஷினில் அது இருக்காது. மற்றவர்களுக்குக் கொடுக்க மைக்ரோசாஃப்ட் லைசென்ஸிலும் இடமில்லை.

"ரிலீஸ்ல பில்ட் பண்ணுடா" என்றாள். பண்ணினேன். ஓடியது. ஆனால் டேபிள் காலி, ஒரு ரெக்கார்டுகூட இல்லை. எக்ஸ்டெர்னல் நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபைல் மாட்யூல் இவ எழுதினது சார்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

ராத்திரி உட்கார்ந்து தேடியதும் அவள்தான். அவள் மாட்யூலில் தப்பே இல்லை. அதைக் கூப்பிட்ட என் வரிதான் வில்லன். ஃபைலைப் படிக்கிற ஃபங்ஷனையே அஸர்ட்டின் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருந்தேன். புத்திசாலித்தனமாம்! ரிலீஸ் பில்டில் சிமேக் 'என்டிபக்' என்கிற மேக்ரோவைச் சேர்த்துவிடும். உடனே அஸர்ட் மொத்தமும் காணாமல் போகும், உள்ளே இருக்கிற வேலையோடு சேர்த்து.

அப்போ உபுண்டுவில் எப்படி ஓடியது? அங்கேதான் சூட்சுமம். விஷுவல் ஸ்டுடியோவில் டிபக்கா, ரிலீஸா என்பதை பில்ட் பண்ணும்போது சொல்கிறோம். மேக்ஃபைலில் அதற்கு முன்பே, சிமேக்கை ஓட்டும்போதே சொல்ல வேண்டும். நாங்கள் சொல்லவே இல்லை. சொல்லாவிட்டால் அது காலியாகவே இருக்கும். டிபக்கும் இல்லை, ரிலீஸும் இல்லை. என்டிபக் சேராததால் அஸர்ட் உயிரோடு இருந்தது. ஆக, எங்கள் இருவரில் ஒருவர்கூட ரிலீஸை ஒருதடவையும் ஓட்டிப் பார்த்ததில்லை!

ஃபங்ஷனை வெளியே தனியாகக் கூப்பிட்டு, அதன் விடையை மட்டும் அஸர்ட்டில் வைத்தேன். ஒரே நிமிஷ வேலை. உங்களுக்கு அடுத்த வாரம் டெமோ இருந்தால், இன்னிக்கே ரிலீஸில் பில்ட் பண்ணி, விஷுவல் ஸ்டுடியோ இல்லாத ஒரு மெஷினில் ஓட்டிப் பாருங்கள், ப்ளீஸ்.

அவளுக்கு சாரி என்று மெசேஜ் அனுப்பினேன். காலையில்தான் பதில் வந்தது.

"அதை எக்ஸ்டெர்னல் முன்னாடி சொல்லியிருக்கணும்."