மிச்சமும் உரித்தும்

மாத மிச்சத்தை எங்கே இடுவது என்னும் வினா, பதுளைத் தோட்டங்களிற் பிறந்து அரச ஆசிரியர்களான எனக்கும் என் மனைவிக்கும் புதியது. எம் பெற்றோர் சீட்டையும் தங்கத்தையும் நம்பினர். 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி அவர்தம் முதுமைக்குத் துணையாயிற்று. எமக்கோ ஓய்வூதியம் உண்டு. ஆதலின் எம் மிச்சம் மகளின் கல்விக்கும் வீட்டிற்குமே உரியது.

அண்மைச் செலவுக்குரிய பணம் வங்கியில் இருத்தல் தகும். நெடுங்காலப் பணம் முழுவதையும் அங்கே வைத்தல் தகாது. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டிப்படி பணவீக்கம் 70 வீதத்தை அணுகியபோது, நிலையான வைப்பின் வட்டி அதற்கு ஈடாகவில்லை. தலைமுறைகளாய் வாழ்ந்த லயன் அறையோ எம் பெற்றோருக்கு உரித்தாகவில்லை. ஆதலால் யாம் முதலில் நாடுவது, இருவர் பெயரிலும் உறுதி எழுதப்பட்ட சிறு காணித்துண்டே.