கருப்பு வேட்டிக்கு இருபது சதவீதம்

இன்சூரன்ஸ் கம்பெனி தாக்கல் செய்யும் எதிருரையில் முக்கால்வாசிப் பத்திகள் எல்லா வழக்குகளிலும் வருகிறவைதான். விபத்து நடந்ததே பொய். நடந்திருந்தால் எங்கள் வண்டியால் அல்ல. எங்கள் வண்டிதான் என்றால் ஓட்டுநர்மீது தவறில்லை. தவறே இருந்தாலும் கேட்கிற தொகை மிக அதிகம். விபத்து வழக்கு நடத்துகிறவர்கள் இவற்றின்மீது கண்ணை ஓட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவோம். இந்த வழக்கில் மட்டும் கடைசிப் பத்திக்கு முந்தியதில், அதுவரை நான் எந்த எதிருரையிலும் படித்திராத ஒரு வாக்கியம் இருந்தது. இறந்தவர் அதிகாலை இருட்டில் தலை முதல் கால் வரை கருப்பு உடையில் வந்ததால் எதிரே வந்த ஓட்டுநரின் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை, ஆகவே விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்றது அது.

நடந்தது 2017 கார்த்திகையில், தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில். இறந்தவருக்கு வயது 38; டீக்கடை வைத்திருந்தார். பால் வண்டி வருவதற்குள் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்புகிறவர். அந்த ஆண்டுதான் முதல்முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, தோளில் கருப்புத் துண்டு. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவு போட்டபோது வாங்கிய ஹெல்மெட்டும் கருப்புதான். எதிரே வந்த காய்கறி வேன், பெட்ரோல் பங்குக்குள் நுழைவதற்காக வலப்பக்கம் திரும்பியது. அவருடைய பைக் வேனின் இடப்பக்கக் கதவில் மோதியது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. போலீஸ் வேன் ஓட்டுநர்மீது வழக்குப் பதிந்தது. இறந்தவரின் மனைவிக்காக இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நான் ஆஜரானேன்.

சட்டத்தில் பங்களிப்புக் கவனக்குறைவு என்று ஒன்று உண்டு. விபத்துக்கு இரு தரப்பும் காரணமென்றால், இறந்தவரின் பங்கு எவ்வளவோ அவ்வளவை இழப்பீட்டிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதில் அநியாயம் இல்லை. தவறான பக்கம் வந்து மோதியவனுக்கு முழுத் தொகையும் கொடு என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பங்கு இருந்தது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு ஹெல்மெட் போடச் சொல்கிறது. விதிகள் முன்விளக்கு வேண்டும், பின்விளக்கு வேண்டும், பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பான் வேண்டும் என்கின்றன. எல்லாம் வண்டிக்கும் தலைக்கும்தான். பைக் ஓட்டுகிறவன் என்ன நிறத்தில் சட்டை போட வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. பிரான்சில் 2016 முதல் பைக் ஓட்டிகள் ஒளிரும் மேலங்கி ஒன்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதுகூட வண்டி பழுதாகிச் சாலையில் இறங்கி நிற்கும்போது போட்டுக்கொள்வதற்குத்தான்.

ஆகவே கேள்வி துணியைப் பற்றியதல்ல, விளக்கைப் பற்றியது என்று வாதத்தைத் திருப்பப் பார்த்தேன். 2017 ஏப்ரல் முதல் விற்கப்படும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடினாலே முன்விளக்கு எரியும். அணைக்க சுவிட்ச் இருக்காது. அவருடைய பைக் 2012 மாடல், சுவிட்ச் உள்ளது. விளக்கைப் போட்டுக்கொண்டு வந்திருந்தால் அவர் சட்டையின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. போடாமல் வந்திருந்தால் வெள்ளைச் சட்டையும் காப்பாற்றியிருக்காது. அப்படியானால் விளக்கு எரிந்ததா?

இதற்கு விடை சொல்லக்கூடிய பொருள் ஒன்று இருந்தது. எரிந்துகொண்டிருக்கும் பல்ப் பலமாக அடிபட்டால், சூட்டில் இளகியிருக்கும் இழை நீண்டு நெளிந்துவிடும். கண்ணாடியும் உடைந்தால் சூடான இழையில் காற்றுப் பட்டு நிறம் மாறும். அணைந்திருந்த பல்பின் இழை பெரும்பாலும் சுருள் கலையாமல் இருக்கும், அல்லது வெடுக்கென்று ஒடிந்திருக்கும். தடய அறிவியல் படித்தவர் பார்த்தால் சொல்லிவிடுவார். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பிரேக் நன்றாக இருக்கிறது, முன்சக்கரம் வளைந்திருக்கிறது, முன்விளக்கு உடைந்திருக்கிறது, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல. அவ்வளவுதான். சுவிட்ச் எந்த நிலையில் இருந்தது என்றோ பல்ப் என்ன ஆனது என்றோ ஒரு வார்த்தை கிடையாது. வழக்கு என்னிடம் வருவதற்குள் வண்டி ஸ்டேஷனிலிருந்து விடுவிக்கப்பட்டுப் பழைய இரும்புக்குப் போயிருந்தது. வீட்டு வாசலில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் குடும்பத்துக்கு மனம் வரவில்லை.

மிஞ்சியது சாட்சிகள். வேன் ஓட்டுநரை இன்சூரன்ஸ் தரப்பு கூண்டில் ஏற்றியது. இருட்டில் கருப்பாக இருந்ததால் மோதும்வரை பைக் தெரியவே இல்லை என்றார். பைக் அதிவேகமாக வந்தது என்றும் சொன்னார். தெரியாத பைக்கின் வேகம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மோதிய சத்தத்தை வைத்துச் சொல்கிறேன் என்றார். திரும்புவதற்கு முன் வண்டியை நிறுத்தினீர்களா என்றதற்கு, வேகத்தைக் குறைத்தேன் என்றார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லிப் பழகாதவர். எதிரே விளக்கு எதுவும் வரவில்லை என்று அடித்துச் சொல்லும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஆனால் அவர், விளக்கு இருந்ததா இல்லையா என்று தான் கவனிக்கவில்லை என்றார். கவனிக்கவில்லை என்பதைத்தானே நாங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்கிறோம்.

எங்கள் நேர்சாட்சி பங்கில் பெட்ரோல் போடும் பையன். எதிரே ஒரு சாமி பைக்கில் வந்துகொண்டிருந்தார், வேன் குறுக்கே திரும்பிவிட்டது என்று சாட்சி சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல் என் நண்பர், கெட்டிக்காரர். "சாமின்னு எப்படித் தெரியும்?" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார். கருப்பு வேட்டி கட்டியிருந்தாரே என்றான் பையன். அதை மோதுவதற்கு முன் பார்த்தாயா, பின் பார்த்தாயா என்றார். பையன் யோசித்தான். சத்தம் கேட்டுத்தான் திரும்பியதாக ஒப்புக்கொண்டான். எங்கள் நேர்சாட்சி அந்த நிமிடத்தோடு நேர்சாட்சியாக இல்லாமல் போனான்.

இறந்தவரின் மனைவியையும் நண்பர் விடவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அன்று உடுத்தியிருந்தது எல்லாமே கருப்புதானே என்றார். ஆமாம் என்றார். காவி, நீலம் கட்டுகிற சாமிகளும் உண்டே என்றார். "அவரு கன்னிச்சாமி சார். வேற என்ன கலரு கட்டுவாரு?" என்றார் அவர். பெஞ்ச் கிளார்க் டைப் செய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதில் அப்படியே பதிவாகட்டும் என்று கேட்டுக்கொண்டேன். பதிவான வடிவத்தில் "கன்னிச்சாமி என்பதால் கருப்பு உடை அணிந்திருந்தார்" என்று இருந்தது.

வாதத்தின்போது நண்பர் ஓர் ஆய்வுக் கட்டுரையோடு வந்தார். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு அது. ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பி அனுப்பும் உடை போட்டவர்களுக்கு விபத்துக் காயத்தின் ஆபத்து 37 சதவீதம் குறைவு என்று அதில் இருந்தது. கட்டுரையை அவரிடமே வாங்கி மேலும் படித்துக் காட்டினேன். வெள்ளை ஹெல்மெட்டுக்கு, கருப்பைவிட 24 சதவீதம் குறைவு. பகலிலும் முன்விளக்கு எரிந்தால் 27 சதவீதம் குறைவு. அதற்கு அடுத்தபடியாக, ஓட்டுகிறவரின் சாதாரண உடை முன்பக்கத்தில் என்ன நிறம் என்பதற்கும் ஆபத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றும் இருந்தது. அவர் கொண்டுவந்த கட்டுரையே கருப்புச் சட்டையைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஹெல்மெட் நிறம் எனக்கு எதிராக இருந்ததை மறைக்கவில்லை. ஆனால் ஆயிரம் பேரில் ஆபத்து எவ்வளவு குறையும் என்பது வேறு, இந்த ஒருவர் எதனால் செத்தார் என்பது வேறு என்றேன்.

இந்த ஒளிரும் அங்கி எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் விளக்க வேண்டியிருந்தது. பளிச்சென்ற அந்த மஞ்சளும் ஆரஞ்சும் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நிறமாக உமிழ்கிறவை. சூரியன் இல்லாத நேரத்தில் அவற்றால் பயன் குறைவு. இரவில் உதவுவது வெள்ளிப் பட்டை. அதில் பதித்துள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், தம்மீது விழுகிற வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதாவது எதிரே வரும் வண்டியின் விளக்கு நேராக அதன்மீது விழ வேண்டும். வலப்பக்கம் திரும்புகிற வேனின் விளக்கு பங்கின் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். இடப்பக்கத்திலிருந்து வருகிறவரின் நெஞ்சில் அது விழாது. திரும்பத் தொடங்குவதற்கு முன்பு விழுந்திருக்கலாமே என்று தீர்ப்பாய நீதிபதி கேட்டார். விழுந்திருக்கலாம்தான். நியாயமான கேள்வி அது. ஒரே ஒரு சிறு விளக்கோடு வரும் பைக்கின் தூரத்தையும் வேகத்தையும் கணிப்பது எந்த ஓட்டுநருக்கும் சிரமம் என்பதும் உண்மை. அந்தச் சிரமம் இருக்கிறது என்பதால்தான் குறுக்கே திரும்புகிறவன் நின்று பார்க்க வேண்டும் என்பது என் பதில்.

2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. டீக்கடை வருமானத்துக்குக் கணக்குப் புத்தகம் ஏது? மாதம் 12,000 ரூபாய் என்று நீதிபதி உத்தேசமாக வைத்தார். எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்து 16,800. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்ததால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 12,600. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கும் எண் 15. பன்னிரண்டு மாதக் கணக்கில் பெருக்கினால் 22,68,000; துணையை இழந்தது, ஈமச் செலவு முதலியவற்றுக்கு 1,90,000. மொத்தம் 24,58,000. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஒரே பத்தியில், இருள், பனி, கருப்பு உடை ஆகியவற்றைக் கருதி இறந்தவரின் பங்கு 20 சதவீதம் என்று முடித்திருந்தார். 4,91,600 ரூபாய் போயிற்று. விளக்கு எரிந்ததா என்ற கேள்விக்குத் தீர்ப்பில் விடை இல்லை. இருளும் பனியும் டீக்கடைக்காரர் செய்தவை அல்ல என்பதால், கழித்தது முழுவதும் உடைக்குத்தான் என்று கொள்ள வேண்டியிருக்கிறது. நாடாளுமன்றம் எழுதாத ஓர் உடை விதி, செத்துப்போன ஒருவருக்கு மட்டும் முன்தேதியிட்டு அமலாகிவிட்டது.

அடுத்த மாதமே, 2020 ஜனவரி 8 அன்று, உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் எனக்கு வேண்டியதைச் சொன்னது. ஒரே பைக்கில் மூன்று பேர் போனது சட்டத்துக்கு விரோதம்தான். ஆனால் அந்த மீறல் விபத்துக்கோ அதன் விளைவுக்கோ காரணமானது என்று காட்டாமல் இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது. சட்டத்தை மீறினவர் பணத்தையே காரணம் காட்டாமல் குறைக்க முடியாதென்றால், எந்தச் சட்டத்தையும் மீறாதவர் பணத்தை எப்படிக் குறைப்பது? இந்த ஒரு வாதத்தை வைத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்தேன். பிறகு கொரோனா வந்தது, வாய்தாக்கள் வந்தன. கம்பெனி ஏற்கெனவே கட்டிய தொகையில் கடைக் கடனை அடைத்தார்கள். பிள்ளைகளின் பங்கு வங்கியில் வைப்பாகப் போனது.

2022-இல் மக்கள் நீதிமன்றத்தில் கம்பெனி ஒரு சமரசத்துக்கு வந்தது: கழித்ததில் பாதியைத் தருகிறோம், 2,45,800. காத்திருந்தால் முழுவதும் கிடைக்கும், தீர்ப்பும் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் காத்திருக்கப் போவது நான் அல்ல. மூத்த பெண்ணுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் அந்த மாதமே கட்ட வேண்டும். "தீர்ப்பு வந்தா யாருக்கு சார் பிரயோசனம்?" என்று அந்த அம்மா கேட்டார். அடுத்த டீக்கடைக்காரரின் மனைவிக்கு என்று சொல்லலாம். அதைச் சொல்லி அவரைக் காக்கவைக்க எனக்கு உரிமை இல்லை. கையெழுத்து வைத்தார். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. அது முன்னுதாரணமும் ஆகாது. அவருடைய மேல்முறையீட்டில் கருப்பு உடை குற்றமா இல்லையா என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

வருகிற கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் ஹெல்மெட்டின் முன்னும் பின்னும் வெள்ளிப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். விரதத்துக்கு அதனால் பங்கமில்லை. அதற்கும் மீறி யார் வீட்டிலாவது இப்படி ஒன்று நேர்ந்துவிட்டால், வண்டியை ஸ்டேஷனிலிருந்து எடுப்பதற்கு முன்பே போலீஸுக்கும் வாகன ஆய்வாளருக்கும் எழுத்தில் ஒரு மனு கொடுங்கள்: முன்விளக்கின் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதவும், பல்பைக் கழற்றி முத்திரையிட்டுத் தடய ஆய்வுக்கு அனுப்பவும்.