ஸ்ட்ரைக்கரும் ஒரு கோடியும்

ஒலிம்பிக்ஸ்ல பனிக்கட்டி மேல கல்லைத் தள்ளிவிட்டு, முன்னாடி பெருக்கிக்கிட்டே ஓடுவாங்களே, அந்த கர்லிங் பார்த்திருக்கீங்களா மக்களே? அதுல பெண்களுக்கு 1998 நாகானோவிலிருந்தே பதக்கம் உண்டு. பனிக்கு நாம எங்கே போறது? நமக்கு போரிக் பவுடர்தான் பனி!

வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சில் கேரம் உலக சாம்பியன் ஆனார். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். 2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழுன்னு மூணு தங்கம் அள்ளினார். ஆட்டோ ஓட்டும் அப்பாதான் ஆட்டத்தையும் கத்துக்கொடுத்தவர். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது.

ரெண்டு பேருமே வடசென்னை. எங்க சைதாப்பேட்டையிலும் தெருமுனையில பல்பு கட்டி போர்டு போட்டிருக்கு. சுத்தி நிக்கிறது பூரா பசங்க. ஆறாவது படிக்கிற அக்கா பொண்ணு வீட்டுல என்னை ஒரு போர்டு ஜெயிக்க விடமாட்டா. தெருவுல அவளுக்கு ஸ்டூல் கிடையாது.

கோடி கடைசியா வர்றது. முதல்ல யாராவது நகர்ந்து உட்கார இடம் தரணும். ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டுப் போறேன். பசங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்.