உஷ்... கம்ப்யூட்டர் வேலை செய்கிறது!

என் கம்ப்யூட்டருக்கு வயது ஒன்பது. மனுஷக் கணக்கில் எழுபதைத் தாண்டியிருக்கும். ஆன் செய்தால் முதலில் ஒரு செருமல், அடுத்து ஒரு முனகல், அப்புறம் மாவு மில் மாதிரி ஒரே சீரான இரைச்சல். உள்ளே மூன்று ஃபேன். பிராசஸருக்கு ஒன்று, பவர் சப்ளைக்கு ஒன்று, கேபினட்டின் முதுகில் ஒன்று. மூன்றும் மூன்று சுருதி.

எங்களுடையது சென்னையில் ஒரு பெட்ரூம் ஃப்ளாட். பெட்ரூமில் மனைவியும் பையனும். ஹாலில் இந்தப் பக்கம் என் மேஜை, அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். நடுவே நாலடி. பகலில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்த மாதிரி எதையாவது எழுதுகிறேன். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய ஒரு சம்பளம் வரும். பி.காம். படித்ததற்கு அந்தக் கூட்டலாவது வருகிறதே!

அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்பு பக்கவாதம். கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. குரல்தான் திரும்பி வரவில்லை. ஒரு காலத்தில் அவர் தெருமுனையில் நின்று கூப்பிட்டால், நான் மொட்டை மாடியில் பட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவேன். இப்போது அவர் கத்தினாலே நமக்கு ரகசியம் சொல்வது போலத்தான் இருக்கும்.

ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணி. ஒரு கடையின் கணக்கில் 340 ரூபாய் உதைத்துக்கொண்டிருந்தது. நான் அதைத் துரத்திக்கொண்டிருந்தபோது, பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். திரும்பினால், அப்பா தரையில். பாத்ரூம் போக என்னை நாலைந்து தடவை கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. சரி, நாமே போகலாம் என்று எழுந்து சரிந்துவிட்டார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

உள்ளேயிருந்து ஓடி வந்த மனைவி கேட்டது ஒரே கேள்வி. "என்னங்க, பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. எனக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் 'ர்ர்ர்' என்றது.

மறுநாள் அப்பாவின் தலைமாட்டில் பூஜை மணியைக் கொண்டுவந்து வைத்தேன். "கூப்பிடறதுக்கு மணியா? நான் என்ன குருக்களா?" என்று தள்ளிவிட்டார். ஃபேன்களைக் கழற்றித் தூசி தட்டினேன். எண்ணெய் விட்டேன். ஒன்றைப் புதிதாக மாற்றினேன். அது அடங்கியதும் மற்ற இரண்டின் சங்கீதம் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது!

அப்போதுதான் ஃபேனே இல்லாத கம்ப்யூட்டர் என்ற ஆசை வந்தது.

ரிச்சி தெருவில் வழக்கமாகப் போகும் கடைப் பையனிடம் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தான். "ஃபேன் இல்லாமயா? மெட்ராஸ்லயா? ஏண்ணே, ஊட்டியில வீடு கீடு வாங்கிட்டீங்களா?"

அவன் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. ஃபேன் கூடாது என்று அடம்பிடித்தவர்களில் பெரிய ஆள், ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ். 1980-ல் வந்த ஆப்பிள் 3 கம்ப்யூட்டரில் ஃபேன் கிடையாது. விளைவு, உள்ளே சூடேறி சிப்புகள் இருந்த இடத்தை விட்டு லேசாகக் கிளம்பிவிடும். இதற்குக் கம்பெனியே சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? மெஷினைச் சில அங்குலம் தூக்கித் தொப்பென்று மேஜை மேல் போடுங்கள், சரியாகிவிடும்! நம் ஊர் ரேடியோ வைத்தியமேதான்.

ஆனால் காலம் மாறிவிட்டது. இதைக் காமர்ஸ் பாஷையில் சொன்னால்தான் எனக்கே புரிகிறது. வெப்பம் என்பது கடன். பிராசஸர் கடன் வாங்குகிறது, ஃபேன் அடைக்கிறது. நிறைய வாங்கினால் வேகமாக அடைத்தாக வேண்டும், அதனால்தான் இரைச்சல். கடனைக் குறைவாக வாங்கினால்? என் பழைய பிராசஸருக்குப் போட்டிருந்த கணக்கு 65 வாட். 2023-ல் இன்டெல் கொண்டுவந்த என்100 பிராசஸருக்கு 6 வாட்! முழு மூச்சாக ஓடினால் கொஞ்சம் கூடும், ஆனாலும் சாதுதான். ஒரு அலுமினியக் கட்டியைத் தலையில் கட்டிவிட்டால் போதும், சுற்றியிருக்கிற காற்றே சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். பெரிய பெரிய கேம்ஸ் ஆடவோ, சினிமா எடிட் செய்யவோ இது சரிப்படாது. கணக்கும் கதையும் எழுதுகிறவனுக்குத் தாராளம்.

பட்ஜெட் 15,000. பிராசஸரும் அலுமினியமும் சேர்ந்தே வருகிற சின்ன மதர்போர்டு ஒன்று, 12,000 சொச்சம். ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து உருவிக்கொண்டேன். இந்தப் போர்டுக்குப் பெரிய பவர் சப்ளை வேண்டாம், 19 வோல்ட் அடாப்டர் போதும். செத்துப்போன லேப்டாப்பின் அடாப்டர் பரணில் இருந்தது. பின் சைஸ் மட்டும் சேரவில்லை. 80 ரூபாய்க்கு மாற்று பின் கிடைத்தது.

மிச்சம் கேபினட். ஃபேன் இல்லாத மெஷினுக்கென்று செய்த பெட்டியின் விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி. வீட்டுக்கு வந்து யோசித்தேன். நாலு பக்கமும் காற்று வர வேண்டும், துரு பிடிக்கக் கூடாது, இலவசமாகக் கிடைக்க வேண்டும். சமையலறையில் காய்கறி ஸ்டாண்ட் கண்ணில் பட்டது.

வெங்காயத்தைக் கீழே கொட்டிவிட்டு ஒரு ஸ்டீல் கூடையைக் கழற்றினேன். போர்டு கம்பியில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும் என்பதால், நடுவே நைலான் ஸ்பேசர் கொடுத்து இறுக்கினேன். பல்லியும் கரப்பானும் குடி வராமலிருக்கக் கூடையைச் சுற்றிக் கொசு வலை.

"என்னங்க, வெங்காயக் கூடை எங்கே?"

"அதுலதான் கம்ப்யூட்டர் இருக்கு."

மனைவி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "அப்ப வெங்காயத்தை உங்க கேபினட்ல போட்டுக்கறேன்" என்றாள். போட்டும் விட்டாள். காற்றோட்டத்துக்கு அதில் குறைவில்லையாம்.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். கூடையை ஷெல்ஃபில் படுக்கப் போட்டு, மேலே பிரிண்டரை வைத்துவிட்டேன். ஒரு மணி நேர வேலையில் 88 டிகிரி. 105 வரை தாங்கும் என்று இன்டெல் சொன்னாலும், எனக்குத்தான் வியர்த்தது. அப்புறம் புத்தி வந்தது. சூடான காற்று மேலேதானே போகும்? அதற்கு வழி விட வேண்டாமா? அலுமினியத் தகடுகள் மேலும் கீழுமாக இருக்கும்படி கூடையை நிமிர்த்தி வைத்து, அடியிலும் தலைக்கு மேலும் இடம் விட்டேன். அதே வேலைக்கு 71 டிகிரி. செலவு, பைசா கிடையாது. சூடாகிறவரை மடக்கி மூலையில் போட்டால் இன்னும் சூடாவார். கொஞ்சம் இடம் விட்டால் தானே தணிந்துவிடுவார். ஆபீசில் மேனேஜரிடம் நீங்களும் முயன்று பார்க்கலாம்.

கடைசியில் மொத்தம் 13,600 ரூபாய். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பட்ஜெட்டில் மிச்சம்!

அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஆன் செய்தேன். சத்தமே இல்லை. மேலே சீலிங் ஃபேன் இரண்டாம் நம்பரில் மெதுவாகச் சுற்றுவது கேட்டது. தெருவில் நாய் சோம்பல் முறிப்பது கூடக் கேட்ட மாதிரி இருந்தது. முக்கியமாக, அப்பா மூச்சு விடுவது கேட்டது. இத்தனை நாள் நாலடி தூரத்தில் இந்தச் சத்தம் இருந்திருக்கிறது!

பன்னிரண்டரைக்கு, "டேய்..." என்றார்.

முதல் கூப்பாட்டிலேயே எழுந்துவிட்டேன். "என்னப்பா? பாத்ரூமா?"

"இல்லடா. நீ தூங்கிட்டியா?"

"இல்லப்பா, வேலைதான் பாத்துட்டிருக்கேன்."

"மெஷின் சத்தத்தைக் காணோமே?"

"அதுக்குத்தாம்ப்பா இத்தனை பாடு. இனிமே சத்தமே வராது. நீங்க நிம்மதியா தூங்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த ரகசியக் குரலில் சொன்னார். "அந்தச் சத்தம் கேட்டா, நீ பக்கத்துல முழிச்சிருக்கேன்னு தெரியும். அந்தத் தைரியத்துலதான் தூங்குவேன்."

இப்போது ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். அரை மணிக்கு ஒருதரம் நான் லேசாகச் செருமுகிறேன். அவர் முழித்திருந்தால் "ம்" என்கிறார். தூங்கியிருந்தால், மூச்சுதான் கேட்கிறதே!

மனைவிதான் சொல்கிறாள். "13,600 ரூபாய் செலவு பண்ணி, ஃபேன் பாத்த வேலையை இப்ப நீங்க பாக்கறீங்க."