ஒரு கரண்டி ஜீரா

ரயிலில் ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன் தடா. அது ஆந்திரா. எங்கள் வீட்டில் இரண்டு மொழியும் கலந்துதான் புழங்கும். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கொல்கத்தா நெடுஞ்சாலையில், எளாவூர் செக்போஸ்ட் பக்கம், நைனா பதினெட்டு வருஷம் எலுமிச்சை சர்பத் கடை போட்டிருந்தார். கூடூரிலிருந்து மூட்டையில் வரும் எலுமிச்சை, ஐஸ் பார், நன்னாரி, ஒரு பெரிய எவர்சில்வர் டிரம்மில் ஜீரா. ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று காய்ச்சிய பாகு அது. பேப்பருக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. என் இன்ஜினியரிங் ஃபீஸில் பாதி அந்த டிரம்மிலிருந்து வந்தது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் செக்போஸ்டுகள் போயின. லாரிகள் நிற்பது குறைந்தது. அடுத்த கோடைக்குள் நைனா கடையை எடுத்துவிட்டார். ட்ரம்மை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி கொட்டி வைத்தார்.

சில வருஷம் கழித்து, காலில் ஒரு சின்னப் புண் ஆறவில்லை என்று பார்க்கப் போனபோது அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. ஹெச்.பி.ஏ.1சி 9.4. வீட்டில் யாரும் அதிர்ச்சியாகவில்லை. தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நைனா மாத்திரையை ஒழுங்காகப் போட்டார், சோற்றைக் குறைத்தார். ஒன்றை மட்டும் விட முடியவில்லை: மதியம் மூன்று மணிக்கு ஒரு கிளாஸ் சர்பத்.

"சர்க்கரை போடாம நான் பண்ணித் தரேன் நைனா" என்றேன். சாஃப்ட்வேர்காரனுக்கு எல்லாமே தீர்க்கக்கூடிய பிரச்சினைதான். யூடியூபில் பத்து வீடியோ பார்த்தேன். நூறு கிராம் பேரீச்சையை ஊறவைத்து அரைத்து, நூறு கிராம் கறுப்புத் திராட்சையும் போட்டு, நாலு எலுமிச்சை பிழிந்து, நாலு கிளாஸ் எடுத்தேன். அருமையாக இருந்தது. நைனா இரண்டாவது கிளாஸையும் கேட்டு வாங்கிக் குடித்தார். குடிக்கும் முன் குளுக்கோமீட்டரில் 142. இரண்டு மணி நேரம் கழித்து 219.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேரீச்சையில் நூற்றுக்கு ஏறக்குறைய 65 கிராம் சர்க்கரை. திராட்சையில் 16. நாலால் வகுத்தால் கிளாஸுக்கு 20 கிராம். நைனாவின் கடைக் கரண்டியை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளந்தேன்: 30 மில்லி. அந்தப் பாகில் அது 18 கிராம் சர்க்கரை. அதாவது, 'சர்க்கரை சேர்க்காத' என் பானம், ரோட்டோரக் கடை சர்பத்தைவிட இனிப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னபோது, நாம் கொட்டும் வெள்ளைச் சர்க்கரையை மட்டும் சொல்லவில்லை. தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இருப்பதையும் அதே கணக்கில்தான் சேர்த்தது. லேபிளில் எழுதுவது வேறு, உடம்பு படிப்பது வேறு.

நைனாவிடம் கணக்கைக் காட்டினேன். பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு கரண்டில இவ்ளோவா?"

"ஆமா."

"சில பேரு ரெண்டு கரண்டி கேப்பாங்க. டிரைவருங்க. ராத்திரி தூக்கம் வரக்கூடாதுன்னு." கொஞ்சம் நிறுத்தி, "எத்தினி பேருக்கு ஊத்தியிருப்பேன்டா" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கரண்டியில்தான் நான் படித்தேன்.

இரண்டு நாள் அவர் சர்பத் பேச்சே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நான் சமையலறையில் மறுபடி எலுமிச்சையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்னால் வந்து நின்றார். நான் விதையோடு, தோல் வெள்ளை சுரண்டும் அளவுக்கு ஒட்டப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"இன்னாடா இது, துணியா புழியற? கசக்கும். கசப்ப மறைக்கத்தான் ஜீரா ஜாஸ்தி கேக்கும்."

பழத்தைப் பலகையில் உருட்டி, குறுக்கே வெட்டி, லேசாக ஒரே பிழி. விதையிலும் வெள்ளைத் தோலிலும் இருக்கும் லிமோனின்தான் அந்தக் கசப்பு என்று நான் பிறகு படித்துக்கொண்டேன். உப்பை முதலில் கரைத்தார். உப்பு கசப்பை அமுக்கும். மிச்சமிருக்கும் இனிப்பு மேலே வரும். ஐஸ் வேண்டாம், பானைத் தண்ணீர் போதும் என்றார். "ஐஸ் போட்டா இனிப்பு தெரியாது. கடைல அதுக்கே அரைக் கரண்டி சேத்து ஊத்தணும்."

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "சக்கர வெல ஏறினப்போ நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ஜீராவ மட்டும் கொறச்சா ஆளு கண்டுபிடிச்சிருவான். எலுமிச்சையையும் சேத்துக் கொறச்சேன். புளிப்பு கம்மியானா இனிப்பு எதுக்கு?"

நான் சர்க்கரைக்கு மாற்றுத் தேடி அலைந்துகொண்டிருந்தேன். அவர் சர்க்கரைக்கான தேவையையே குறைத்துவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு இது. நாலு கிளாஸுக்கு இரண்டே எலுமிச்சை. நன்றாகப் பழுத்த சிவப்புக் கொய்யா 150 கிராம். அதில் மொத்தமே 13 கிராம் சர்க்கரைதான், கிளாஸுக்கு மூன்று கிராமுக்குச் சற்று மேல். கொய்யாவை மத்தால் மசித்து, விதை போகப் பெரிய கண் சல்லடையில் வடிக்க வேண்டும்; நைஸ் வடிகட்டியில் வடித்தால் சக்கை முழுக்கப் போய்விடும். சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, பத்துப் புதினா இலை, கால் டீஸ்பூன் உப்பு, ஊறிய சப்ஜா. இனிக்குமா என்றால் இனிக்காது. கொய்யா மணக்கும், லேசாகப் புளிக்கும். முதல் வாரம் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த ரோஸ் மில்க்கை நைனா பாதியில் வைத்துவிட்டார், "திகட்டுதுடா" என்று. எங்கள் சர்பத் குடித்த அன்று இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 138 என்பது 151 ஆகியிருந்தது. ஒரு ஆளின், ஒரு வீட்டின் எண் இது. மருந்துச் சீட்டு இல்லை.

போன சித்திரையில் ஒரு ராத்திரி, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கியது. மீட்டரில் 61. அம்மா யோசிக்கவே இல்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்தார். மறுநாள் டாக்டர், இப்படித் தாழ்ந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், நடந்ததை என்னிடம் சொல்லுங்கள் என்றார். மாத்திரை அளவையும் மாற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் நைனா அடுப்பில் பாத்திரம் வைத்தார். ஒன்றுக்கு ஒன்று, பழைய அளவு. ஆறியதும் சின்ன பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தார். அதன் கழுத்தில் நூல் கட்டி, கடைக் கரண்டியைத் தொங்கவிட்டார்.

"ஒரு கரண்டி கரெக்டா இருக்கும்ல?" என்று கேட்டார்.

"கரெக்டா இருக்கும் நைனா" என்றேன்.