பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்...

வீடு பார்க்க வருபவர்கள் ஹாலில் நின்று பேசுவார்கள். சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் முடிவெடுப்பது என்னவோ பாத்ரூமில்தான்!

மதுரையில் ஓய்வு பெற்ற ஒருவர். அவருக்கும் மனைவிக்கும் மாடி போர்ஷன் வாடகையில்தான் மாத மருந்துச் செலவு ஓடுகிறது. இருந்தவர்கள் காலி செய்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "போன் பண்றோம் சார்" என்று கிளம்பினார்கள். போன் வரவே இல்லை.

காரணம், டைல்ஸுக்கு மேலே இருந்த மூன்று அடிச் சுவர். பெயின்ட் கொப்புளமாய் எழும்பி உரிந்து தொங்கியது. மூலையில் கரும்பூஞ்சை. ஆள் வைத்துப் பெயின்ட் அடித்தார். மூன்று வாரத்தில் பழைய கதை. விலை கூடிய பெயின்ட் வாங்கி மறுபடியும் அடித்தார். அதுவும் உரிந்தது.

மூன்றாவதாக வந்த பெயின்டர் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு, "நாளைக்கு வர்றேன் சார்" என்று போய்விட்டார். மறுநாள் தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நீர்த்துளிகள்! குளித்த ஆவி படிந்திருந்தால் வெளிப்பக்கம்தானே நனைந்திருக்க வேண்டும்? ஈரம் சுவருக்குள்ளேயே இருந்தது.

இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் குழாய் சரியாக அந்த மூலைக்கு மேலேதான் முடிந்தது. மோட்டார் போடும்போதெல்லாம் அங்கே தண்ணீர் தேங்கி, தளத்து ஓட்டின் இடுக்கு வழியே இறங்கியது. அப்படி இறங்கும் தண்ணீர் சிமென்ட்டிலும் செங்கலிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். சுவரின் மேல்பரப்பில் தண்ணீர் காயும்போது உப்பு பூத்து பெயின்ட்டைத் தள்ளிவிடும். பெயின்ட் என்ன விலையாக இருந்தால் என்ன?

குழாயை வடிகால் வரை நீட்டி, இடுக்குகளை அடைத்தார்கள். பிறகு மூன்று வாரம் சுவரைக் காயவிட வேண்டும் என்றார் பெயின்டர். "இன்னும் ஒரு மாச வாடகை போச்சே" என்று பெரியவர் புலம்ப, "ரெண்டு தடவை அவசரப்பட்டது போதாதாங்க?" என்றார் மனைவி.

காய்ந்த பிறகு வேலை சுலபம். பழைய பெயின்ட்டைச் சுரண்டி, பூஞ்சையை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவினார்கள். (அதோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், ஆபத்து!) உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், பள்ளங்களுக்கு மட்டும் பட்டி, மறுபடி பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். ஆறுக்கு நாலு அடி பாத்ரூம்: சுவர் 60, கூரை 24, ஆக 84 சதுர அடி. ஒன்றரை லிட்டரில் முடிந்தது.

கணக்குப் பதிவியலில் 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் ஓட்டையை மறைத்து பாலன்ஸ் ஷீட்டை அழகாகக் காட்டுவது. பெரியவர் முதல் இரண்டு முறை செய்தது அதைத்தான். மூன்றாவது முறை செய்ததுதான் ரிப்பேர்.

அடுத்து வந்த குடும்பமும் பாத்ரூமைத் திறந்து பார்த்தது. வெளியே வந்து, "அட்வான்ஸ் எவ்வளவு சார்?" என்று கேட்டது.

உங்கள் வீட்டிலும் பெயின்ட் உரிகிறதா? கடைக்குப் போகும் முன் ஒருமுறை மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள்.