இரண்டு கோடு

இந்த மலரில் காதல் கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு பூனையைப் பற்றி. சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

எங்கள் ஊர் பேரிகை. ஓசூர் பஸ்ஸில் ஏறினால் பாகலூர் வழியெல்லாம் ரோஜாத் தோட்டமும் கோஸ் வயலும்தான். அம்மா பூத்தோட்ட வேலைக்குப் போகிறார். அப்பா டெம்போ ஓட்டுகிறார். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் கரண்ட் பில், ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு எது வந்தாலும் "படிச்ச புள்ள பாக்கட்டும்" என்று என் கைக்கு வந்துவிடும்.

அப்படித்தான் அவ்வாவின் இன்சுலின் ஊசியும் வந்தது. (அப்பாவின் அம்மாவை நாங்கள் அவ்வா என்போம். எல்லை ஊர் இல்லையா, தெலுங்கும் கன்னடமும் கலந்ததுதான் எங்கள் பேச்சு.) 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வந்த அக்காதான் அவ்வாவுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தார். மாத்திரைக்கு அடங்கவில்லை. காலையில் 16 யூனிட் போடச் சொன்னார்கள்.

அவ்வாவின் செல்லம் எங்கள் கிழட்டுப் பூனை. பெயர் பெத்தண்ணா! பால்சோறும் பிஸ்கட்டும் தின்று பன்றிக்குட்டி மாதிரி இருந்தவன் திடீரென்று இளைத்தான். தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தான். அவன் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. அவ்வாதான் சொன்னார், "ஒரே, இதுக்கும் என் வியாதிதான்டா."

ஓசூரில் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு அதையே சொன்னார். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 யூனிட், சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், சாப்பிடாவிட்டால் தன்னைக் கேட்காமல் போடக்கூடாது என்றார். தெருவே சிரித்தது. "மனுசனுக்கே வழியில்ல, பூனைக்கு ஊசியா?" எனக்கும் கொஞ்சம் வெட்கம்தான். பிறகு நூலகத்தில் படித்தேன். 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினை முதலில் சோதித்தது நாய்களின் மேல். 1922 ஜனவரியில்தான் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்டார்கள். அதன் பிறகு அறுபது வருஷம் மனிதர்களுக்கு இன்சுலின் வந்தது மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து. வாயில்லா ஜீவன்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது நண்பர்களே!

இனி என் தப்புக்கு வருகிறேன்.

அவ்வாவின் மருந்து ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. பூனைக்கு எழுதிக்கொடுத்தது வேறு வகை, ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. ஒரு சனிக்கிழமை காலை ஆரஞ்சு மூடி தீர்ந்துபோயிருந்தது. "ஊசிக்கு ஊசிதானே, இரண்டு கோடுதானே" என்று அவ்வாவின் சிவப்பு மூடி ஊசியில் இழுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பெத்தண்ணா குடிகாரன் மாதிரித் தள்ளாடினான். பிறகு சுருண்டு விழுந்தான். காது நுனியில் ஒரு துளி எடுத்து அவ்வாவின் கருவியில் பார்த்தேன். 38! தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினேன். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் ஊற்றினால் புரையேறிவிடும். அப்பாவின் டெம்போவிலேயே ஓசூருக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் தலை தூக்கினான்.

வழியில் "என்னாச்சுடா?" என்று அப்பா கேட்டதற்குத் "தெரியல" என்றேன். ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டேன். சிவப்பு மூடி ஊசியில் இரண்டு கோடு என்றால் 2/40 மில்லி. 100 யூனிட் மருந்தில் அது 5 யூனிட். இரண்டரை மடங்கு! வெர்னியரில் லீஸ்ட் கவுண்ட் தப்பாக எடுத்தால் சார் சிவப்பு மையில் சுழிப்பாரே, அதே தப்பு. அடுத்து ஒரு கணக்கு தானாகவே வந்தது. இதே பாட்டில் மாறி அவ்வாவுக்கு 16 கோடு போயிருந்தால்? 40 யூனிட். கை நடுங்கியது.

அப்பாவை எழுப்பி உண்மையைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நாங்க போட்டிருந்தா, ஏன் இப்படி ஆச்சுன்னே தெரிஞ்சிருக்காது. நீ கண்டுபுடிச்சே. ஆனா முதல்ல தெரியலன்னு சொன்னியே, அதுதான்டா தப்பு."

இப்போது வீட்டில் இரண்டு டப்பா இருக்கின்றன. ஒன்றில் சிவப்பு டேப், இன்னொன்றில் ஆரஞ்சு. சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. யார் போட்டார்கள், எத்தனை மணி, எத்தனை யூனிட் என்று எழுதாமல் யாரும் ஊசியை எடுப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவ்வா தினமும் காலையில் கையை நீட்டும் முன் கேட்கிறார், "ஒரே, எந்தக் கலருடா?"

நண்பர்களே, லீஸ்ட் கவுண்ட் என்பது பரீட்சைக்கு மட்டும் அல்ல. நம்மை நம்பிக் கையை நீட்டுகிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)